ஃபிகூட்ஸா பாதையில் ஸ்ரான்லியும் எமிலியானாவும்

— இஞ்சாருங்கோ, அந்தச் சைக்கிளிலை ஏறி ஓடுங்கோவன். வாடகைக்கு எடுத்துப்போட்டு மாட்டைப் பிடிச்சுக்கொண்டு போற மாதிரி உருட்டிறியள்.

— நீர் நடப்பன் எண்டு நிண்டால் நான் என்னெண்டு ஓடுறது? கொஞ்சம் எட்டி நடவும், எமிலி. மாதா சுத்துப்பிரகாரத்திலை போற மாதிரி வாறீர்.

— பதினாலு வரியம் அந்த வயசான இத்தாலிச் சின்யோறாவைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நடந்த கால். அவ மாசியிலை கண்ணை மூடினது இந்தக் காலுக்கு இன்னும் தெரியேல்லை.

— சரி, ஆறுதலா வாரும். இதிலை முந்திக் கோர்லெயோனே ஊருக்குப் போற றெயில் ஓடினது. தண்டவாளத்தைக் கழட்டிப்போட்டு, நடக்கவும் சைக்கிள் ஓடவும் விட்டிருக்கினம். அதுதான் பெரிய ஏத்தம் இல்லை.

— உதெல்லாம் எங்கை படிச்சனீங்கள்?

— நீர் சின்யோறா வீட்டிலை. நான் தனியச் சாப்பிட்டுக்கொண்டு போனிலை இந்தப் பாதையளைத்தான் பாக்கிறனான். ஒருநாளைக்கு உம்மைக் கூட்டிக்கொண்டு வரவேணுமெண்டு.

— எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.

— உம்மடை ஞாயிற்றுக்கிழமை லீவிலை எங்கை வாறது? பூசை, சமையல், அதோடை முடிஞ்சுது. அட, நாலரையாகுது. திரும்புவம், எமிலி. ஏழு மணிக்கு உம்மைக் கொண்டுபோய் விடவேணும்.

— ஆரிட்டை?

— என்ன?

— ஆரிட்டைக் கொண்டுபோய் விடப்போறியள்?

— மறந்துபோனன். ஞாயிறெண்டால் கண் தானா மணிக்கூட்டுக்குப் போகுது.

— இந்தக் கல்லிலை இருங்கோ. பிளாஸ்கிலை தேத்தண்ணி கிடக்கு.

— உம்மைப் புதுசா வேலைக்குக் கேட்ட மொண்டெல்லோச் சின்யோறாவுக்கு இண்டைக்கெல்லே பதில் சொல்லவேணும்?

— அதுவும் தங்கி நிண்டு பாக்கிற வேலைதான். ஞாயிறு மட்டும் லீவு. ஸ்ரான்லி என்ன சொல்லுறார் எண்டும் கேட்டவ.

— நான் என்ன சொல்ல? உம்மடை விருப்பம்.

— பதினாலு வரியத்துக்கு முந்தியும் இதைத்தான் சொன்னனீங்கள். சொல்லிப்போட்டு என்ரை பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து விட்டனீங்கள்.

— விட்டிட்டுப் பஸ்ஸிலை அழுதுகொண்டு வந்தனான். பக்கத்திலை இருந்த கிழவன் எனக்குக் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி தந்தவர்.

— அதை எனக்கெல்லே சொல்லியிருக்கவேணும்.

— சொன்னால் நீர் போகமாட்டீர். ஊருக்குக் காசு அனுப்பவேணும், பிள்ளையின்ரை படிப்பு. என்னெண்டு சொல்லுறது?

— இப்ப பிள்ளை உழைக்கிறான். இப்ப சொல்லுங்கோ.

— போகாதையும், எமிலி. என்னோடை வீட்டை இரும். பகல் வேலை கிடைச்சால் செய்யும், கிடைக்காட்டிலும் பறவாயில்லை. நான் வந்து கதவைத் திறக்கேக்கை நீர் உள்ளை இருக்கவேணும். எனக்குத் தனியச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு.

— இவ்வளவையும் எங்கை வைச்சிருந்தனீங்கள்?

— பிறகு கதைப்பம். போனை எடுத்து அவவுக்கு அடியும், விடியத் தொடக்கம் பாத்துக்கொண்டிருப்பா.

— வெள்ளிக்கிழமையே மாட்டனெண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் வாய் திறந்து கேப்பியளோ எண்டு பாக்கத்தான் இவ்வளவு தூரம் நடந்தனான்.