டெல்ஃபினாவுக்குக் குளிராமல் இருக்க

எனக்கு வியர்வை ஆகாது, சார். ஹூஸ்டனில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஜூலை மாதம் காரிலிருந்து இறங்கி எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து, அந்த ஏசி காற்று முகத்தில் பட்டதும்தான் எனக்கு உயிரே வரும்.

என்னோடு அங்கே வேலை செய்த டெல்ஃபினாவுக்கு நேரெதிர். ஹூஸ்டனைவிடக் கொதிக்கிற லரேடோ ஊர்க்காரி. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து சுடச்சுடக் கோகோ குடிப்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அறைச் சூட்டை ஏற்றிவிடுவாள்.

"லோர்னா, நீ மனுஷியா, பனிக்கரடியாடி? எனக்குக் கை விறைச்சுப் போச்சு."

"சூட்டை ஏத்துனா என் மைட்டோகாண்ட்ரியா செத்துடும் டெல்ஃபினா."

"அதுங்க நீ தொட்டாலே செத்துடும். பழியை என் மேல போடாத."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், நன்றாகத்தானே சொன்னாள். அந்த வாரமும் என் அளவீடுகள் கெட்டுப்போயின. என் ஆய்வை அவளிடம் கொடுத்துவிடலாமா என்று பேராசிரியர் ஆர்ச்சர் என்னிடமே கேட்டார்.

நீங்கள் மைட்டோகாண்ட்ரியாவோடு பழகியதில்லை, பாவம். நம் செல்களுக்குள் இருக்கும் குட்டிக் குட்டி மின்நிலையங்கள் அவை. நாம் சாப்பிட்டதிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்களை அதன் உள்சுவரில் வரிசையாக நிற்கும் புரதங்கள் கைமாற்றிக்கொண்டே போகும், தீப்பிடித்த வீட்டுக்கு வாளி கைமாற்றுகிற மாதிரி. அந்த ஓட்டத்தின் வேகத்தில் புரோட்டான்கள் சுவருக்கு வெளியே தள்ளப்படும். வரிசையின் முடிவில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் நிற்கும். நாம் மூச்சு விடுவதே அதற்காகத்தான். வெளியே குவிந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பும் வழியில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. அது சுற்றச் சுற்ற உடம்புக்கு வேண்டிய சக்தி தயாராகும். இதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். இப்போதும் வருகிறது, மன்னியுங்கள்.

இதைக் கெடுக்கப் பல வழி உண்டு. சில விஷங்கள் வரிசையையே அடைத்துவிடும், எல்லாம் அப்படியே நின்றுபோகும். அழுமூஞ்சி விஷங்கள், எனக்குப் பிடிக்காது. இன்னொரு வகை சுவரை ஒழுக விடும். புரோட்டான்கள் குறுக்கே புகுந்து திரும்பிவிடும். சக்கரம் சும்மா நிற்கும், வரிசையோ பைத்தியம் பிடித்தாற்போல் ஓடும், அத்தனையும் வெறும் சூடாகிவிடும். மைட்டோகாண்ட்ரியா உயிரோடிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு சோதனையிலும் இந்த இரண்டாம் வகை விஷத்தில் ஒரு துளி விடுவது எங்கள் வழக்கம்.

எப்போதும் குளிர்கிறது என்பவளுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கொடுக்க முடியும்? அவள் கோகோவில் கலந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கழற்றினாள். கன்னமெல்லாம் சிவந்து, பார்க்கவே அழகாக இருந்தாள். "என்னமோ தெரியலடி, இன்னிக்கு எனக்கே வேர்க்குது" என்று எழுந்து போய் அறைச் சூட்டைக் குறைத்தாள். அவளே போய்க் குறைத்தாள், சார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அளவீட்டு அறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

நான் செய்த தவறு ஒன்றுதான். எங்கள் சோதனைக் குடுவைகளைச் சுற்றி எப்போதும் ஒரே சூட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் உள்ளே என்ன ஓடினாலும் குடுவை சுடாது. டெல்ஃபினாவைச் சுற்றித் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் துறையில் யாருக்கும் வரக்கூடிய மறதி.

ஆர்ச்சர் வந்து கதவை இடித்தார்.

"லோர்னா, டெல்ஃபினா மூச்சு விட முடியாம விழுந்துட்டா. உடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஐஸ் மெஷின் காலியா இருக்கு, உங்கிட்ட ஐஸ் இருக்காம்மா?"

இருந்தது. காலையில் வந்ததும் மெஷினைச் சுரண்டி மொத்தத்தையும் நான்தான் எடுத்து வைத்திருந்தேன். மைட்டோகாண்ட்ரியா இருந்த என் குழாய்கள் அதில்தான் புதைந்திருந்தன. அறையும் அன்றைக்குத்தான் கடைசியில் குளிர்ந்திருந்தது, அளவீடுகள் அவ்வளவு சுத்தமாக வந்துகொண்டிருந்தன.

இல்லை என்றேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஐஸைக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருந்தால் என் மைட்டோகாண்ட்ரியா செத்துப்போயிருக்கும். உயிருள்ள ஒன்றை என் கையால் சாகவிட எனக்கு மனசு வராது, சார்.