லீவு போட்டால்தான் வேலை

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் பக்கத்து அம்மாளிடம் சொன்னாள்: "இன்னைக்கு லீவு போட்டுட்டேனுங்க. அதான் வேலைக்குப் போறேன்."

"அதென்ன சாமி, லீவுல வேலை?"

"போர்வெல் போடற ரிக் வண்டிப் பட்டறையில ஆறு பேருக்கு மேனேஜருங்க நான். சீட்டுல உக்காந்தா போனு, கையெழுத்து, பஞ்சாயத்துதான். ஸ்பேனரைத் தொடவே முடியறதில்லை. லீவு போட்டாத்தான் வண்டிக்கு அடியில படுத்து நானே பம்பு மாட்டலாமுங்க."

"அப்ப உன்ற சீட்டுல ஆரு?"

"அந்த ஆறு பேர்ல ஒருத்தி, சுமதின்னு இன்ஜினியருங்க. இன்னைக்கு அவதான் மேனேஜரு."

கைபேசி அடித்தது. எடுத்தவள், "இதா வந்துட்டேன் சுமதி, பஸ்ஸு லேட்டு" என்று பணிவாகச் சொன்னாள். வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னும் லேட்டானா பம்பு மாட்டற வேலையை வேற ஆளுக்குக் குடுத்துருவாளாமுங்க. அப்படியே நான் திட்டற மாதிரியே திட்டறா!"