மூலவருக்குப் பொட்டு வைத்தவர்

காஞ்சிபுரம் பொற்கரை மகளிர் விடுதியில் பதினெட்டு ஆண்டுகள் காப்பாளராய்க் கடமையாற்றி, கைச்சாவியை ஒப்படைத்து விடைபெறும் எங்கள் மரியம்மாள் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் உவந்து வாசித்தளிக்கும் மடல்.

கதவுகளின் காவலரே! கண்டிப்பின் கருவூலமே! பூட்டுக்கே பூட்டுப் போட்ட புண்ணியவதியே! வணக்கம்!

வாலாஜாபாத்தில் பிறந்து, வாழ்க்கைத் துணையை இளம் வயதிலேயே இழந்து, கைப்பிள்ளை ஜோசுவாவுடன் காஞ்சிக்கு வந்து, வந்த ஊரில் யாருடைய தயவையும் எதிர்பாராமல் தலை நிமிர்ந்து நின்றவரே! உங்கள் பெருமையை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால், "போதும்பா, வேற வேல இல்லயா" என்று பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள். உங்களைத் தெரியாதவர்களா நாங்கள்? ஆகவே கொஞ்சம் திரும்பி நின்று அவையோருக்குச் சொல்லிக்கொள்கிறோம். யாரோ ஒரு மரியம்மாளின் கதை என்று எண்ணி நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே! எங்கள் விடுதியில் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்கள் இருக்கிறார்கள், கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் பெண்கள் இருக்கிறார்கள், நர்சுகளும் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் சாவியும் அவளவள் அறையை மட்டும் திறக்கும். மாடிக்கு ஒன்றாக இருக்கும் மாடிச்சாவி, அந்த மாடியின் அறைகளை எல்லாம் திறக்கும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரே ஒரு மாஸ்டர் சாவி. அது இந்தக் கட்டடத்தில் திறக்காத கதவே கிடையாது. கோயில் ஊர்க்காரர்கள் சும்மா இருப்போமா? எங்கள் கணக்கர் சிவபாலன் மாடிச்சாவிகளுக்கு உற்சவர் என்றும், மாஸ்டர் சாவிக்கு மூலவர் என்றும் பெயர் வைத்துவிட்டார். உற்சவர் ஊர்வலம் வருவார், மூலவர் இடத்தை விட்டு அசையமாட்டார். மரியம்மாள் அம்மையார் கிறிஸ்தவர். பெயரைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார், மறுநாளிலிருந்து அவரும் அப்படியே சொன்னார். "மூலவரைக் கேக்காதீங்க, உற்சவரை எடுத்துக்கினு போங்க" என்று அவர் சொல்வதைக் கேட்டு, புதிதாய் வந்த பெண்கள் திருவிழா என்றுகூட நினைத்ததுண்டு.

சாவியைத் தொடுமுன் கதவைத் தட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடு, இரண்டு பேராய்ப் போ, உள்ளே இருப்பவள் வாய் திறந்து பதில் சொன்னால் சாவியைப் பையில் போடு. இதுதான் அம்மையார் எங்களுக்கு விதித்த விதி. மூலவரை அவர் மேசைக்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டியின் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்ந்து தொங்கும்.

அப்படிப்பட்ட மூலவரும் ஒரு நாள் வெளியே வந்தார். எப்போது தெரியுமா? ஆயுத பூஜை அன்றைக்கு! காவலர் முனுசாமி தாம்பாளத்தோடு வந்து நின்றார். "சாவிதாம்மா நம்ம ஆயுதம். பெரியவர உட்டுட்டு சின்னதுங்கள மட்டும் வெச்சா நல்லாவா இருக்குது?" என்றார். அம்மையாருக்கு அவர் மனதை நோகடிக்க மனம் வரவில்லை. அவசரத்துக்கு மாடிச்சாவிகளை மட்டும் தம்மிடம் நிறுத்திக்கொண்டு, மூலவரைத் தாம்பாளத்தில் வைத்தார். உரிமையாளர் சிட்டிபாபு ஐயாவின் அறையில் பூஜை நடந்தது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலைவரை தொடக்கூடாது அல்லவா? சாவிகள் அங்கேயே இருந்தன.

மறுநாள் முனுசாமி தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். கேட் சாவி, சமையலறைச் சாவி, ஸ்டோர் சாவி எல்லாம் சந்தனம் காய்ந்து, குங்குமம் சிவந்து, லட்சணமாக இருந்தன. மூலவர் மட்டும் குளித்துவிட்டு வந்தவர்போலப் பளபளவென்று கிடந்தார்.

"முனுசாமி, இதுக்கு மட்டும் ஏம்பா பொட்டு வெக்கல?"

"ஐயையோ! அதுக்குத்தாம்மா மொதல்ல வெச்சேன். மத்ததவிடப் பெருசா வெச்சேன்!"

அம்மையாருக்கு உடனே புரிந்துவிட்டது. சந்தனம் அப்பிய சாவியை வைத்துக்கொண்டு நகல் வெட்ட முடியாது, பல் தெரியாது. துடைத்தால்தான் வெட்டலாம். யாரோ துடைத்திருக்கிறார்கள். மேலே பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் நினைவுக்கு வந்ததாகப் பிறகு எங்களிடம் சொன்னார். முனுசாமி தலையில் அடித்துக்கொண்டு அழ, "உன்ன யாரு சொன்னா? வாய மூடு" என்று அதட்டிவிட்டு, நேரே உரிமையாளர் அறைக்குப் போனார்.

சிட்டிபாபு ஐயா மறைக்கவில்லை. அவருக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

"ஆமாம்மா, நான்தான் ஒரு நகல் போட்டேன். எப்பக் கேட்டாலும் உற்சவர எடுத்துக்கோ, உற்சவர எடுத்துக்கோன்ற. என் பில்டிங்கு, எங்கிட்ட ஒரு சாவி இருந்தா என்னா?"

"பில்டிங்கு உங்களுது சார். உள்ள படுத்துக்கினு இருக்கிற பொண்ணுங்க உங்களுது இல்ல."

ஐயாவின் முகம் சுருங்கிவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து நகலை எடுத்து முன்னால் போட்டார். "இந்தா, எடுத்துக்கோ. போதுமா?"

"ஒண்ணு போட்டவரு ரெண்டு போட்டிருக்க மாட்டாருன்னு நான் எந்தப் பொண்ணுகிட்டப் போயி சொல்றது? சாவி திரும்பி வந்துடுச்சு சார், நம்பிக்கை வரலையே. அத்தனை பூட்டையும் மாத்துங்க."

"அத்தனையுமா? வெளையாடுறியா?"

அவர் விளையாடவில்லை. அன்று சாயங்காலம் பெண்களையெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார். உரிமையாளர் பெயரையோ முனுசாமி பெயரையோ எடுக்கவில்லை. "உங்க ரூமுக்கெல்லாம் இன்னொரு சாவி வெட்டிட்டாங்க. மூலவர் என் கைய உட்டுப் போனதாலதான் இது நடந்துச்சு. பூட்டு மாத்துற வரைக்கும் உள்தாழ்ப்பாள் போடாம யாரும் படுக்காதீங்கம்மா" என்றார். சொல்லும்போது அவருக்குத் தெரியும், ஜோசுவா அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான், இந்த வேலையை விட்டால் வேறு நாதியில்லை. தெரிந்தேதான் சொன்னார்.

ஐயா கொதித்துப் போனார். விடுதியின் பெயரைக் கெடுத்துவிட்டாய், நாளையிலிருந்து வராதே என்றார். மறுநாள் அம்மையார் வழக்கம்போல வந்தார். மாடிப்படியின் அடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "வேலையிலேர்ந்து எடுத்துட்டீங்க, சரி. பூட்டு மாத்தினதும் எழுந்து போயிடறேன்" என்றார். மேலே போகும் ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. சமையல் கிருஷ்ணவேணி காபி கொண்டுபோய்க் கொடுத்து, "ஏம்மா இந்த வம்பு?" என்று கேட்டாள். "வம்பு இல்லடி, டியூட்டி" என்று பதில் வந்தது.

தாமலிலிருந்து வந்து நர்சாக இருந்த சுகாசினிதான் முதலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். அடுத்தவள் இறங்கினாள். பொழுது சாய்வதற்குள் கூடம் முழுக்கப் பெட்டியும் படுக்கையும் ஆயிற்று. "வார்டன்மா போனா நாங்களும் போறோம் சார்" என்றார்கள். சிட்டிபாபு ஐயா கூடத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பூட்டுக்காரருக்குப் போன் போட்டார். பழைய பூட்டுகள் எல்லாம் கழன்றன. பூட்டுக் கம்பெனி கொடுக்கும் அட்டையைக் காட்டினால் ஒழிய எந்தக் கடையிலும் நகல் வெட்டித் தராத புதுவகைப் பூட்டுகள் வந்தன. அட்டை அம்மையாரின் இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. அவரை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அன்று முதல் எங்கள் விடுதியில் ஒரு புது வழக்கம். மூலவரின் பல்லில் எப்போதும் சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் இருக்கும். எவர் தொட்டுப் பூட்டில் நுழைத்தாலும் பொட்டு அழிந்துவிடும். தம் நெற்றியில் ஒரு நாளும் பொட்டு வைக்காத அம்மையார், தினம் காலையில் பெட்டியைத் திறந்து பொட்டைப் பார்ப்பார், உதிர்ந்திருந்தால் தம் கையாலேயே வைப்பார். அவசரத்துக்கு எடுத்தால் துடைத்துவிட்டு எடுப்பார், திரும்பி வந்ததும் முதல் வேலையாய்ப் பொட்டு வைப்பார்.

அம்மையே! இனி உங்கள் பக்கம் திரும்புகிறோம். கதை முடிந்துவிட்டது, ஓடிவிடாதீர்கள்.

நேற்று மாலை, அடுத்த காப்பாளர் துர்காதேவியிடம் நீங்கள் சாவியை ஒப்படைத்தபோது நாங்கள் எல்லோரும் இருந்தோம். உரிமையாளர் என்ற முறையில் தாம் வாங்கிக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்துச் சிட்டிபாபு ஐயா கையை நீட்டினார். நீங்கள் கொடுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மூலவரை விரலிடுக்கில் பிடித்தபடி அவரைப் பார்த்துச் சும்மா நின்றீர்கள். ஐயா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு மேசைமேல் இருந்த குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்து, இரண்டு கையாலும் உங்கள் முன் நீட்டினார். "வையும்மா" என்றார்.

நீங்கள் பொட்டு வைத்து, துர்காதேவியின் உள்ளங்கையில் மூலவரை எழுந்தருளச் செய்தீர்கள்.

அஞ்சாத நெஞ்சமே! அயராத அன்பே! பிறர் உறக்கத்துக்குக் காவலிருந்த கண்களுக்கு இனியாவது நிறைய உறக்கம் வாய்க்கட்டும். ஜோசுவாவும் மருமகளும் பேத்தி அபியும் சூழ, நோய் நொடியின்றி நீங்கள் நூறாண்டு வாழவேண்டும். உங்கள் வீட்டுக் கதவை நாங்கள் அடிக்கடி வந்து தட்டுவோம், பெயர் சொல்லியும் கூப்பிடுவோம். நீங்களே வந்து திறக்கவேண்டும்.

என்றும் உங்கள் விதிப்படி, தட்டிவிட்டுக் காத்திருக்கும்,
பொற்கரை மகளிர் விடுதிப் பணியாளர்கள்,
காஞ்சிபுரம்.