ஞாயிறு கணக்கில் வராது

டீக்குச் சர்க்கரை வேண்டாம் மேடம், எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

என் கணவர் தையல்காரர். முப்பத்தொரு வருடமாக என் துணிகளெல்லாம் அவர் தைத்ததுதான். எனக்கு அளவெடுக்க ஒருநாளும் டேப்பைத் தொட்டதில்லை. நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். ஆனாலும் அவர் வாய்க்கு நான் 'ஹெட்மாஸ்டர்'.

அவருக்கு இனிப்பு என்றால் போதும், குழந்தையாகிவிடுவார். இன்சுலின் போடும் நிலைமை வந்த பிறகும் நாக்கு அடங்கவில்லை. காலையும் இரவும் ஊசி போட்டுவிடுவது நான். ஜனவரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்படியே தின்னுக்கிட்டிருந்தா, அடுத்த வருஷம் உங்க பக்கத்துல அவர் இருப்பாரான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

பயம் அன்றைக்குப் பிடித்தது. அவர் மதியம் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவேன். "உயிரோடதான் இருக்கேன் தாயே, சோப்பு போடுறேன்" என்பார். அடுத்த நாளும் தட்டுவேன்.

தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள், பிடித்த ஒன்றை விட்டுவிடுவோம். அதை ஒறுத்தல் என்போம். "இந்தத் தடவை ரெண்டு பேரும் இனிப்பை விட்டுடலாம். அப்படியே நல்ல பழக்கமாயிடும்" என்றேன்.

"பாலைவனத்துல பிஸ்கட் கடை இல்ல, அதனால ஏசு ஆண்டவர் நாப்பது நாள் சமாளிச்சாரு. நம்ம தெருவுல மூணு கடை இருக்கே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

இரண்டே வாரத்தில் அவருக்குச் சட்டை தொளதொளத்தது. நாத்தனார் வந்தவள், "அண்ணி, அண்ணனை எங்கிட்ட விட்டுடுங்க, ஒரு மாசத்துல பழையபடி ஆக்கித் தர்றேன்" என்று கேலி செய்தாள். எனக்கோ நம்பிக்கை வந்திருந்தது. சாப்பாட்டையும் பாதியாக்கினேன். சாப்பாட்டைக் குறைத்தால் ஊசியையும் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறக்கவில்லை. ஊசியைக் குறைத்தால் சர்க்கரை ஏறிவிடுமோ என்றிருந்தது. குறைக்கவில்லை.

சர்க்கரை ரொம்ப இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட, சட்டைப்பையில் சர்க்கரைக்கட்டி வைத்திருக்கவும் டாக்டர் சொல்லியிருந்தார். இவர் இரண்டு தடவை நடுங்குவதுபோல் நடித்து, தின்றுவிட்டுக் கண்ணடித்தார். மூன்றாம் வாரம் எல்லாச் சட்டைப்பைகளையும் காலி செய்தேன்.

நான்காவது ஞாயிறு. மதியம் மூன்று மணி இருக்கும். தையல் மெஷின் நின்றுவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஹெட்மாஸ்டர், கொஞ்சம் சர்க்கரை குடு."

"ஒறுத்தல்ல இருக்கோம்."

"ஞாயிறு கணக்குல வராதுடி. எண்ணிப் பாரு. மொத்தம் நாப்பத்தாறு நாள். ஆறு ஞாயிறைக் கழிச்சாத்தான் நாப்பது. ஃபாதரே சொன்னாரே." நாக்கு குழறியது.

அவர் சொன்னது சரிதான். எனக்கும் தெரியும். ஆனால் மேடம், ஒரு ஞாயிறு விட்டுக்கொடுத்தால் திங்களும் கேட்பார். கடைக்குப் போய்விடக் கூடாதென்று வாசல் கதவைப் பூட்டினேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, விரலில் குத்தி, சர்க்கரை பார்க்கும் மெஷினில் பார்த்தேன். முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. இந்த மெஷினும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது என்று நினைத்தேன். இல்லை, போலீஸிடம் எதற்குப் பொய்? அது சரியாகத்தான் காட்டியது. துடைத்து உறையில் வைத்தேன்.

"விளையாடலடி. சத்தியமா நடிக்கல" என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை. அன்று பயந்தார். நாற்காலியோடு சுவர் வரைக்கும் பின்னால் நகர்ந்தார். எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவரைக் காப்பாற்றத்தானே நான் அங்கே நின்றேன்?

நான்கு மணிக்குச் சரிந்தார். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முடியைக் கோதினேன். கை கால் இழுத்தது, பிறகு நின்றது. சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஆறு மணிக்கு. அந்த இரண்டு மணி நேரம் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்?

மூக்கருகே விரலை வைத்தேன். ஒன்றும் இல்லை. ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக என் நெஞ்சு படபடக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டேன்.

இனி அவருக்கு ஒன்றும் ஆகாது, மேடம்.