பதினாலும் இறங்கணும்

– தடுப்பைத் தூக்கச் சொல்லும்மா. அப்பன் வண்டியையுமா நிறுத்துவ?

– மாட்டுச் சோதனைச் சாவடியில எல்லா வண்டியும் ஒண்ணுதான் ஐயா. தடுப்பூசிச் சீட்டு இருக்கா?

– ஐயாவா! ஏம்ப்பா டிரைவரு, கேட்டியா? பெத்த பொண்ணு என்னை ஐயாங்குறா.

– மாட்டு டாக்டரம்மா வேலையில இருக்காங்கல்ல மொதலாளி. இந்தாங்கம்மா. பதினாலு மாடு, பதினாலு சீட்டு.

– மூணாவதா நிக்குற செவலைக்கு ஏன் இப்படி எச்சில் ஒழுகுது?

– அப்பன் சொல்றேன், வெயிலும்மா. காலையில இருந்து வண்டியில நிக்குதுல்ல.

– வெயிலுக்கு வாய் சப்புக் கொட்டாது. டிரைவரண்ணே, அது தலையைக் கொஞ்சம் பிடிங்க. பாத்தீங்களா? நாக்குல கொப்புளம் உடைஞ்சு தோல் உரிஞ்சிருக்கு. குளம்பு இடுக்குலயும் புண்ணு. காய்ச்சல் நூத்தி அஞ்சு. கோமாரி ஐயா இது.

– சரி, அதை மட்டும் இறக்கிக்க. மத்த பதிமூணை விடு. நாளைக்குச் சந்தை.

– ஒரே வண்டியில ஒண்ணோட மூச்சை ஒண்ணு இழுத்துக்கிட்டு வந்திருக்கு. பதினாலும் இறங்கணும். தனிக் கொட்டகை, மூணு வாரம்.

– மூணு வாரமா! பின்னாடி நிக்குற வண்டிக்காரங்களா, நல்லாக் கேட்டுக்கங்கய்யா! முப்பது வருஷமா மாடு ஓட்டுறவனுக்கு இவ சீக்கு சொல்றா!

– கத்தாதீங்க. வளந்த மாடு தேறிக்கும். சந்தையில பால் மறக்காத கன்னுக்குட்டிங்க நிக்கும். அதுங்களுக்கு ஒட்டினா நின்ன இடத்துல சுருண்டு விழுந்துடும்.

– நாலு பேருக்கு மாடு தர்றேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்!

– கூடவே சீக்கும் தர்றேன்னு சொன்னீங்களா?

– வாயி! அப்படியே உங்கம்மா வாயி! இந்த வண்டியை நிறுத்தினா, உன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன், கேட்டுக்க.

– அதை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப இந்தக் கிருமி கொல்ற சோடாத் தண்ணியை மிதிங்க. செருப்போட.

– மொதலாளி, கேட்டுருவோம். அம்மா இறங்கி வர மாட்டாங்க.

– தொலையுது. கொட்டகைக்கு விடு வண்டியை.

– டயரைக் கழுவிட்டு விடுங்கண்ணே. பின்னாடி வண்டிக்காரங்க சத்தம் போடுறாங்களா?

– எங்கேம்மா! ஒருத்தன் விடாம எல்லாரும் அவங்களே சோதனைக்குப் பின்பலகையைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்குறாங்க. நான் வண்டியை எடுக்கறேன்.

– அவன் போயிட்டான். இப்பவாவது அப்பான்னு கூப்பிடேன்.

– அப்பா… ஊரே கேக்குற மாதிரி கத்திட்டீங்களே. நான் வேற என்னப்பா பண்ணியிருக்க முடியும்?

– நேத்து மூணு வண்டிக்காரனுங்க உன்னைச் சின்னப் பொண்ணுன்னு மிரட்டி, அவனுங்களே தடுப்பைத் தூக்கிட்டுப் போனானுங்களாமே?

– அது எப்படிப்பா உங்களுக்குத் தெரியும்?

– மாட்டு யாவாரிங்ககிட்ட எல்லாம் அதே பேச்சு. இன்னிக்குத் தண்ணி காட்ட வண்டியை நிறுத்தினப்பவே செவலையோட வாயைப் பாத்துட்டேம்மா.

– பாத்துட்டீங்களா? அப்ப வெயிலுன்னு சொன்னது?

– அங்க இருந்து சாவடி இல்லாத சுத்துவழி ஒண்ணு பிரியுது. டிரைவரு அதுலதான் திருப்பினான். நான்தான், நேரா என் பொண்ணுகிட்ட விடுடான்னேன். பெத்த அப்பன் தொண்டை கிழியக் கத்தியும் நீ இம்மி அசையலைன்னு அத்தனை வண்டிக்காரனும் பாத்துட்டான்ல. இனி எவன் உன் தடுப்பைத் தொடுவான்?