தேயாத பிளேடு

தம்பி: அய்யய்யோ… மிதிச்சிட்டேன் போலிருக்கே.

அக்கா: காலை எடுடா மொதல்ல.

தம்பி: ஒரு ஏக்கர்ல ஒரே ஒரு பச்சை. அதையும் தேடிப் போய் மிதிக்கிற கால் எனக்கு மட்டும்தான்க்கா வாய்ச்சிருக்கு.

அக்கா: விடு. அது கரும்பு இல்ல. கோரைப்புல்.

தம்பி: அப்பாடா. அப்போ… கரும்புல துளிர்னு ஒண்ணு கூட வரலையா?

அக்கா: வரும். வெட்டி இருபத்தஞ்சு நாள்தானே ஆச்சு.

தம்பி: பத்து நாள்ல வந்துடும்னு போன வருஷம் நீதான் சொன்னே. தூரை அப்படியே விட்டா மூணு வருஷம் நடவே வேண்டாம், தானா வரும்னு.

அக்கா: போன வருஷம் ஆள் வெச்சு வெட்டினோம்.

தம்பி: இந்த வருஷம் எங்க கம்பெனி மிஷின்ல என் பிளேடை மாட்டி வெட்டினே.

அக்கா: நான் அப்படிச் சொன்னேனா?

தம்பி: நீ சொல்ல மாட்டே. அதான் நானே சொல்லிக்கறேன். சோதனை ஓட்டத்துக்கு வயல் குடுங்கன்னு எத்தனை பேரைக் கேட்டேன்… ஒருத்தர் குடுக்கல. எல்லாரும் புத்திசாலிங்க.

அக்கா: மழை இல்ல, அதான் தாமதம். டீ ஆறுது பாரு.

தம்பி: பழைய பிளேடு ரெண்டு நாள்ல மழுங்கிடும்க்கா. டிரைவருங்க கழட்டி மாட்டியே ஓய்ஞ்சு போனாங்க. தேயாத பிளேடா குடுன்னாங்க. நான் வரைஞ்சேன். அஞ்சு மில்லிமீட்டர் தடிமனை ஒன்பதாக்கினேன்.

அக்கா: தேயலையே. நாள் பூரா ஓடுச்சே.

தம்பி: உலக்கை கூடத்தான் தேயாது. அதுக்காக உலக்கையால கரும்பு வெட்டுவாங்களா?

அக்கா: உன் வாய் மட்டும் மழுங்க மாட்டேங்குது.

தம்பி: அது வெட்டலக்கா. அடிச்சுது. தூரெல்லாம் மண்ணுக்கடியில வரைக்கும் நார் நாரா…

அக்கா: அதெல்லாம் எதுக்கு இப்போ?

தம்பி: திரும்ப உழுது, விதைக்கரணை நட்டு… ஒரு வருஷம் என்ன பண்ணுவீங்க?

அக்கா: உழறதைப் பத்தி யாரு பேசினா? வரும்ங்கறேன்ல.

தம்பி: மிஷின் ரெண்டாவது சால் ஓடும்போதே எனக்குத் தெரியும். குனிஞ்சு பார்த்தேன். நாலு தூர். நாலும் பிளந்திருந்துச்சு. காய்ஞ்ச கரும்புச் சோகையைக் காலால தள்ளி மூடிட்டேன். எங்க கம்பெனி மானேஜர் பக்கத்துலயே நின்னாரு… நிறுத்துங்கன்னு சொல்ல வாய் வரல. உன் வயல்னு தெரிஞ்சும்…

அக்கா: மெதுவாப் பேசு. மாமா அந்தப் பக்கம்தான் இருக்காரு.

தம்பி: அவருகிட்ட என்ன சொன்னே?

அக்கா: வேர்ப்புழுன்னு.

தம்பி: பாவம், புழு. செய்யாத தப்புக்கு.

அக்கா: நம்பிட்டாரு. மருந்து வாங்கப் போறேன்னாரு.

தம்பி: எனக்குப் புழுக்கதை வேண்டாம்க்கா. சிரிக்கவும் தெம்பில்ல. நேராச் சொல்லு. துளிர்க்குமா?

அக்கா: துளிர்க்காதுடா. ஒரு தூர் கூடத் துளிர்க்காது. முந்தாநாள் தோண்டிப் பார்த்தேன், உள்ளே எல்லாம் அழுகிப் போச்சு. உனக்கு ரெண்டாவது சால்ல தெரிஞ்சுது. எனக்கு முதல் சால்லயே தெரிஞ்சுது. கையைக் காட்டி நிறுத்தலாம்னுதான் வந்தேன்… நீ அந்த மானேஜர் பக்கத்துல நெஞ்சை நிமிர்த்தி நின்னுட்டிருந்தே. அப்படி நின்னு உன்னை நான் பார்த்ததே இல்லடா.