பூட்டிய பாகநூலகமும் அதைக் காத்த பெருமாட்டியும்

துல்லியத்தின் துணையே! பிழை கண்டால் பொங்கும் பெருநெருப்பே! பிழை செய்தவர் கண்கலங்கினால் உடனே குளிரும் தண்ணிழலே! கடைநிலை ஊழியர் முதல் பொது மேலாளர் வரை 'லைப்ரரி அக்கா' என்று வாயார அழைக்கும் எங்கள் பெருமாட்டியே! நிறைந்த நெஞ்சோடு நிமிர்ந்து நின்று வணங்குகிறோம்.

இருபத்தேழு ஆண்டுப் பணி இன்று நிறைகிறது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களை முறைத்துப் பார்க்க நாளை முதல் ஆளில்லை. மகிழ்வதா மருகுவதா என்று தெரியாமல் நிற்கிறோம். இம்மடலை எழுதும்படி பணிக்கப்பட்ட நானோ ஒவ்வொரு வரியையும் மும்முறை படித்துப் பார்க்கிறேன். பாசத்தால் என்று நினைத்துவிட வேண்டாம்! ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும், கண்ணாடிச் சட்டம் போட்ட பிறகும்கூட, "திருத்திக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவீர்களே என்ற அச்சத்தால்தான்.

முன்வரிசையில் தங்கள் கணவரும் மகளும் அமர்ந்திருக்கிறார்கள். அம்மா அலுவலகத்தில் என்னதான் செய்கிறார் என்று அவர்களுக்கும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மின்சுற்றுப் பலகையை நாங்கள் கணினியில் வரைகிறோம். அதில் அமரும் ஒவ்வொரு சில்லுக்கும், கெபாசிட்டருக்கும், கம்பிகளை இணைக்கும் கனெக்டருக்கும் ஒரு படம் வேண்டும். அதன் கால்கள் பலகையில் எங்கெங்கே ஊன்றும், எந்தக் கால் ஒன்றாம் எண், எந்தப் பெயரில் கடையில் வாங்குவது என்பதெல்லாம் அந்தப் படத்தோடு இருக்க வேண்டும். அப்படங்களின் களஞ்சியமே பாகநூலகம். அதில் ஒரு படம் மயிரிழை பிசகினால், அதை எடுத்து வரையும் பலகைகள் அத்தனையும் பிசகும். அந்தக் களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டு, அனுமதியில்லாமல் ஒரு துரும்பும் உள்ளே நுழையாமல் காத்தவர் உங்கள் வீட்டம்மா.

அக்கா, தாங்கள் வருமுன் அது களஞ்சியமா, காயலான் கடையா என்று கேட்டால் பதில் சொல்ல எங்களுக்கு வெட்கம். ஒரே கெபாசிட்டர் 'கெபாசிட்டர்', 'கெபாசிட்டர் புதுசு', 'கெபாசிட்டர் இதுதான்', 'இத மட்டும் எடு' என்று ஆளுக்கொரு பெயரில் கிடக்கும். கொள்முதல் அலுவலர் நான்கையும் நான்கு பொருளென்று எண்ணி நான்கு இடத்தில் விலை கேட்டு அலைவார். தாங்கள் வந்தீர்கள், இடுப்பில் சேலையைச் செருகினீர்கள், பெருக்கத் தொடங்கினீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஊராருக்குச் சரி. தாங்களோ பானையிலிருக்கும் பருக்கை ஒவ்வொன்றையும் நசுக்கிப் பார்த்தீர்கள்! அப்போது எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பரிசோதனை என்றால் தங்களுக்குத் திரை போதாது. படத்தை உள்ள அளவிலேயே தாளில் அச்சடித்து, ஸ்டோர்ஸிலிருந்து அந்தப் பாகத்தையே வரவழைத்து, தாளின் மேல் அமர்த்திப் பார்த்த பின்பே ஏற்றுவீர்கள். வரைவுப் பிரிவுத் தலைவர், அவசரத்தால் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வாங்கியவர், தங்கள் மேசை முன்னால் நின்று தலையில் அடித்துக்கொள்ளாத வாரமுண்டா? "அக்கா, கஸ்டமர் கழுத்துல கத்தி வெச்சிட்டு நிக்கறாரு!" என்பார். "பேப்பர்ல உக்காராதது போர்டுல எப்படிங்க உக்காரும்? போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்பீர்கள். அவர் குடித்த தேநீர்க் கணக்கு கேன்டீன்காரருக்கே வெளிச்சம்.

புகழ் பாடும் மடலில் பிழையைப் பேசலாமா என்று சிலர் தடுத்தார்கள். பேசாவிட்டால் தங்கள் பெருமை பாதிதான் தெரியும் என்பதால் பேசுகிறேன். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் தொட்டிலுக்கு நாம் பலகை செய்த ஆண்டு அது. அதிலிருந்த ஒரு கனெக்டரின் படம் தாங்களே வரைந்தது. தாளில் வைத்துப் பார்த்தபோது கச்சிதமாக அமர்ந்தது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பாகம், எப்படி வைத்தாலும் அமரும். ஆனால் தயாரிப்பாளர் தந்த விவரத் தாளில் அதைக் கீழிருந்து பார்த்தபடி வரைந்திருந்தார்கள். தாங்கள் மேலிருந்து பார்த்ததாக எண்ணிக் கால்களுக்கு எண் கொடுத்துவிட்டீர்கள். இடமும் வலமும் மாறின. வெப்பத்தை அளக்கும் கம்பிக்குரிய காலில் மின்சாரம் பாயவிருந்தது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. வேறொரு கனெக்டரை வரையும்போது தங்களுக்கே பொறி தட்டியது. பலகைகள் பெட்டியில் அடங்கிக்கொண்டிருந்தன; பதவி உயர்வுப் பட்டியலில் தங்கள் பெயர் முதலில் இருந்தது. வாய்மூடி இருந்திருக்கலாம், பழியைத் தயாரிப்பாளர் தாளின் மேல் போட்டிருக்கலாம். தாங்களோ பொருத்தும் கூடத்துக்கு ஓடினீர்கள். "நிறுத்துங்க! ஒரு போர்டுகூட வெளிய போகக்கூடாது. தப்பு என்னோடது" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள். ஐயோ, அந்தக் குரல் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது! பதவி உயர்வு அவ்வாண்டு கைநழுவியது. எங்கோ ஒரு தொட்டிலில் ஒரு பிள்ளை கதகதப்பாக உறங்கியது. அதன் பிறகுதான், வரைந்தவர் தவிர இன்னொருவரும் பார்த்தாலொழிய எதையும் ஏற்றுவதில்லை என்று தங்களுக்கும் சேர்த்தே தாங்கள் விதி வகுத்தீர்கள்.

இனிச் சொல்லப்போவதற்குப் பொது மேலாளர் அவர்கள் கோபிக்க வேண்டாம். அக்கா ஓய்வு பெற்றதும் பூட்டைத் திறந்துவிடலாம், இணையத்தில் ஆயத்தப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன, அவரவரே இறக்கிப் போட்டுக்கொள்ளலாம், வேலை வேகமாக நடக்கும் என்று சென்ற மாதம் அவர் அறிவித்தார். கூட்டம் முடிந்து வெளியே வந்து தாங்கள், "நான் வாசலத் தாண்டறதுக்குள்ள குப்பையக் கொட்டிடுவாங்க. இத்தன வருஷம் பெருக்கினது அவ்வளவுதான்" என்றீர்கள். அன்று முதல் தங்களுக்குச் சரியான உறக்கமில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்று தங்கள் கணவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே அம்மையாரே, தங்களிடம் மறைத்துவைத்த ஒன்றை இப்போது அவையறியச் சொல்கிறோம். சென்ற வாரம் ஓய்வூதிய வேலையாகத் தாங்கள் விடுப்பில் இருந்தபோது, அவசரமாக ஒரு புதிய ரிலே, அதாவது தானே இயங்கும் ஒரு சுவிட்ச், தேவைப்பட்டது. இணையத்தில் அதன் படம் ஆயத்தமாக இருந்தது. பொது மேலாளரே வந்து நின்று, "எடுத்துப் போடுங்க, மத்தியானம் அனுப்பணும்" என்றார். எழுந்தவர் யார் தெரியுமா? எக்ஸ்பிரஸ்!

"அக்கா ரூல்படி ரெண்டு பேர் பாக்கணும் சார்."

"அவங்கதான் போறாங்களேய்யா?"

"அவங்க போறாங்க சார். ரிலே போர்டுலதான இருக்கப்போகுது?"

கொள்முதல் அலுவலர் ஸ்டோர்ஸுக்கு ஓடி ரிலேயை வாங்கிவந்தார். தாளில் அச்சடித்தோம், அமர்த்தினோம். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் தனியே எண்ணினார். மேலிருந்து பார்த்த படமா, கீழிருந்து பார்த்ததா என்று தயாரிப்பாளரின் விவரத் தாளைப் புரட்டிப் புரட்டி உறுதி செய்தோம். வாடிக்கையாளர் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால், ஒரே ஒரு பிழையாவது அகப்படாதா, அதைக் காட்டித் தங்கள் விதியைக் காப்பாற்றிவிட மாட்டோமா என்று ஏங்கினோம். அகப்படவில்லை. படம் அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்தது. அரை நாள் போயிருந்தது.

"தப்பே இல்லையா?" என்றார் பொது மேலாளர்.

"இல்ல சார். சரியா இருக்கு" என்றார் எக்ஸ்பிரஸ், தலைகுனிந்தபடி.

பொது மேலாளர் அந்தத் தாளையும் அதன்மேல் இருந்த ரிலேயையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "சரியா இருக்குன்னு இப்பதானேய்யா தெரியுது. பூட்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளரிடம் பேசத் தொலைபேசியை எடுத்தார்.

உடல் நலமும் உள்ள மகிழ்வும் ஓங்க, உற்றார் சூழ, நீடு வாழ்க தாங்கள்! தங்கள் நிழல்கூட இல்லாத அறையில், தவறே இல்லாத ஒரு படத்துக்காக, நாங்கள் அத்தனை பேரும் அரை நாள் காத்திருந்தோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அக்கா, இன்றிரவு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இங்ஙனம்,
இருவர் பார்த்துச் சரியென்று கண்ட பின்பே இம்மடலைத் தங்கள் கையில் தரும்,
வரைவு, கொள்முதல், ஸ்டோர்ஸ், பொருத்துப் பிரிவு ஊழியர்கள்